புதுப்பிப்பு: ஓவனில் சுட்ட பன்றி இறைச்சி இப்போது சாறோடு வருகிறது

ஓவனில் வைத்தால் பன்றி இறைச்சி வறண்டுபோகிறதே, என்ன வழி என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். முதுகுக்கறியை விட்டுத் தோள்பட்டைக் கறி வாங்குங்கள் என்று பலர் சொன்னீர்கள். அருமையான யோசனை! பெங்களூரு பிரேசர் டவுனில் மேல்கொழுப்போடு 2 கிலோ ஒரே துண்டாகக் கிடைத்தது.

முந்தைய இரவே உப்பும் மிளகும் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் குடகர்களின் கச்சம்புளியை (புளிப்புப் பழச்சாற்றைக் காய்ச்சிச் செய்யும் கறுப்பு வினிகர்) கொஞ்சம் தடவி, ஃபாயிலால் மூடி, 150 டிகிரியில் 4 மணி நேரம். தோள்பட்டைக் கறியை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உருகி ஜெலட்டினாக மாற இந்த நிதானம் வேண்டும். உள்சூடு 90 டிகிரியைத் தாண்டியதும் முள்கரண்டி தடையில்லாமல் இறங்கியது. பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு 220 டிகிரியில் கால் மணி நேரம். மேல்கொழுப்பு சடசடவென்று பொரிந்து, பொன்னிறக் கொப்புளங்களாக எழும்பியது.

முதுகுக்கறிதான் பிடிக்கும் என்பவர்கள் உள்சூடு 63 டிகிரி வந்ததுமே வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு வெப்பமானி கட்டாயம் தேவை, கண்ணளவை நம்பாதீர்கள். எந்தக் கறியானாலும் சுட்டவுடன் வெட்ட வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும். தட்டில் வடிந்த சாற்றைச் சூடான சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் தனியாகக் குழம்பே வேண்டியதில்லை.