புதுப்பிப்பு: ஃபார்வைக் கொடுத்து அட்லாண்டா வாங்கியது யாரை?

1992-இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கில், குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிரெட் ஃபார்வை கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குத் தாரைவார்த்த அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் பதிலுக்கு யார் கிடைத்தார் என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது, உதவியவர்களுக்கு நன்றி.

நேரடியாகக் கிடைத்தது ஆள் அல்ல, அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி எடுக்கும் 'டிராஃப்ட்'டில் 17-ஆவதாக ஒருவரை எடுக்கும் உரிமை. "17-ஆம் தேர்வுரிமையோடு நிற்காதீர்கள், அது எங்கே கைமாறியது என்று பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அந்த உரிமையை டல்லாஸ் அணியிடம் கொடுத்துவிட்டு 19-ஆம் இடத்துக்கு இறங்கிய அட்லாண்டா, ரன்னிங்பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) டோனி ஸ்மித்தை எடுத்திருக்கிறது. நான் எதிர்பாராதது, அவரும் ஃபார்வும் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள்!

ஃபார்வ் 1995 முதல் 1997 வரை மூன்று முறை லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர். ஆனால் அட்லாண்டாவுக்காக அவர் எறிந்தவை நான்கே பந்துகள். ஒன்றுகூடத் தன் ஆள் கைக்குப் போகவில்லை, இரண்டை எதிரணி பறித்தது. விற்றவர்கள் மீது எனக்குப் பாதிக் கோபம்தான் வருகிறது.