பொருள்நோக்கு நிரலாக்கப் பாடம் தொடங்குகிறது: எந்த முனையிலிருந்து பிடிப்பது?

முக்கூடல் மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் தொடங்கும் செமஸ்டரில் ஜாவா மொழியில் பொருள்நோக்கு நிரலாக்கம் (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) என்னும் பாடம் எங்களுக்கு இருக்கிறது. பிளஸ் ஒன் வகுப்பில் தமிழ்வழியில் படித்தபோது இனக்குழு (கிளாஸ்), மரபுரிமம் (இன்ஹெரிட்டன்ஸ்), பல்லுருவாக்கம் (பாலிமார்ஃபிசம்), உறை பொதியாக்கம் (என்கேப்சுலேஷன்) ஆகியவற்றின் வரையறைகளை மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் சி மொழியில் ஃபங்ஷன்களை வைத்தே எல்லாவற்றையும் எழுத முடிகிறபோது கிளாஸ் என்று ஒன்று எதற்காகத் தேவைப்படுகிறது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. விலங்கு என்பது ஒரு கிளாஸ், நாய் அதிலிருந்து வருவது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அதைப் படித்த பிறகு ஒரு நிரலை எப்படி எழுதத் தொடங்குவது என்று தெரியவில்லை.

அம்மா பீடி சுற்றுகிறார். வீட்டில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அண்ணன் பயன்படுத்திய 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது, அது போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை நிரலர்

தங்கைக்கு வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஜாவாவில்தான் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டிலும் ஆச்சி பீடி சுற்றியவர் என்பதால், விலங்கையும் நாயையும் விட்டுவிட்டு உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும், பீடிக் கடையில் கொடுத்த பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேசலாம்.

கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுத்தால் அந்தப் புத்தகத்தில் வரவு எழுதுவார்கள். அம்மா பீடியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் எண்ணிக்கையை ஏற்றி, அதற்கு ஆன தூளை இருப்பிலிருந்து கழிப்பார்கள். வேறு எந்தக் காரணத்துக்காகவும் அதில் உள்ள எண் மாறக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாமே தவிர, பேனாவை எடுத்துத் திருத்த முடியாது. கிளாஸ் என்பது இதுதான். அச்சடித்த வெற்றுப் படிவம் கிளாஸ். அம்மாவின் பெயர் எழுதி அவர் கையில் கொடுத்த புத்தகம் ஆப்ஜெக்ட். தூள் இருப்பும் பீடி எண்ணிக்கையும் பிரைவேட்டாக, அதாவது வெளியிலிருந்து தொட முடியாதபடி, உள்ளே இருக்கும் தரவுகள். 'தூள் கொடு', 'பீடி வாங்கு' என்னும் இரண்டும் அவற்றை மாற்ற அனுமதி பெற்ற மெத்தட்கள், அதாவது கிளாஸுக்குள் எழுதப்படும் ஃபங்ஷன்கள்.

இதையே சி மொழியில் ஸ்ட்ரக்சராக, அதாவது தரவுகளை மட்டும் சேர்த்துக் கட்டிய தொகுப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நிரலில் நாற்பது இடங்களில் எந்த வரி வேண்டுமானாலும் தூள் இருப்பை நேரடியாக மாற்றிவிடலாம். மாதக் கடைசியில் கணக்கு உதைத்தால் நாற்பது இடங்களையும் தேட வேண்டும். கிளாஸாக எழுதி, தரவைப் பிரைவேட்டாக வைத்திருந்தால், தவறு அந்த இரண்டு மெத்தட்களுக்குள்தான் இருக்க முடியும். நூறு வரி நிரலில் இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு இலட்சம் வரிகள் கொண்ட நிரலை எட்டுப் பேர் சேர்ந்து திருத்தும் இடத்தில், இந்த ஒரு பாதுகாப்புதான் எங்களை இரவில் தூங்க விடுகிறது.

ஆகவே பாடம் தொடங்குவதற்கு முன் நான்கு வரையறைகளையும் மறுபடி உருப்போட வேண்டாம். இந்த ஒரு கிளாஸை மட்டும் தாளில் எழுதி, கடையில் நடப்பது போல ஒரு வாரக் கணக்கைப் பேனாவால் ஓட்டிப் பாருங்கள். கூலியைச் சேர்ப்பதானால் ரூபாயைப் புள்ளி எண்ணாக வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். புள்ளி எண்களுக்கான ஜாவாவின் டபுள் வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்றுதான் விடை வரும். கூலிக் கணக்கில் அந்தப் பிசிறு சேர்ந்துகொண்டே போகும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், அம்பாசமுத்திரம்

முந்தைய பதிவின் எடுத்துக்காட்டு மிகப் பொருத்தமானது என்பதால் அதையே தொடர்கிறேன். இந்தச் சிந்தனையே கணக்கு வழக்குள்ள உலகத்தை நிரலில் நடத்திக் காட்டுவதற்காகப் பிறந்ததுதான், மகளே. 1960-களில் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும், வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர், வந்து போகும் வண்டி போன்றவற்றைக் கணினியில் நடத்திப் பார்க்கும் பாவனை வேலைகளுக்காகவே சிமுலா மொழியை உருவாக்கினார்கள். கிளாஸும் இன்ஹெரிட்டன்ஸும் சிமுலா 67-இல் வந்துவிட்டன. அதைப் பயன்படுத்திப் பார்த்திருந்த பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப், 1979-இல் சி மொழியோடு கிளாஸைச் சேர்க்கத் தொடங்கியதன் விளைவு சி பிளஸ் பிளஸ். ஜாவா 1995-இல்தான் வெளிவந்தது.

மாணவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் ஆப்ஜெக்ட்டைக் குறிக்கும் மாறி (வேரியபிள்), புத்தகம் அல்ல. புத்தகத்தைச் சுட்டும் பெயர். 'அம்மாவின் புத்தகம்' என்றும் 'எட்டாம் எண் புத்தகம்' என்றும் இரண்டு பெயர்கள் ஒரே புத்தகத்தைச் சுட்டலாம். ஒரு பெயரைச் சொல்லி எழுதியது மற்றொரு பெயரைச் சொல்லிப் பார்க்கும்போதும் தெரியும். மாறாக, அம்மாவின் புத்தகத்திலும் சித்தியின் புத்தகத்திலும் இன்று எல்லா எண்களும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனாலும் அவை வேறு வேறு புத்தகங்கள். இரட்டைச் சமக்குறி (==) 'ஒரே புத்தகமா?' என்று கேட்கிறது. ஈக்வல்ஸ் மெத்தட், முறையாக எழுதப்பட்டிருந்தால், 'உள்ளே இருப்பது ஒன்றா?' என்று கேட்கிறது. ஸ்ட்ரிங்குகளை, அதாவது எழுத்துத் தொடர்களை, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டுவிட்டு, விடை சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் வருகிறது என்று ஆய்வகத்தில் கலங்கி நிற்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் இருந்து புத்தகமே இன்னும் வழங்கப்படாத நிலைதான் 'நல்' (null). அந்தப் புத்தகத்தில் எழுதச் சொன்னால் 'நல் பாயின்ட்டர் எக்செப்ஷன்' என்னும் பிழை வருவதில் வியப்பில்லை.

ஜாவாவில் கிளாஸ், மெத்தட், மாறி ஆகியவற்றின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். மொழிக்குரிய சிறப்புச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். கோப்பை, தமிழ் எழுத்துகளையும் பதியும் குறியீட்டு முறையான யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். ஜாவா 18 முதல் அதுவே இயல்பான முறை. முதல் மாதம் வீட்டில் 'தூள்இருப்பு' என்று எழுதிப் பழகினால், கவனம் ஆங்கிலச் சொல்லின் மேல் போகாமல் பொருளின் மேல் நிற்கும். ஆய்வகப் பதிவேட்டுக்கு ஆசிரியர் கேட்கும்படி மாற்றிக்கொள்ளலாம். 4 ஜிபி மடிக்கணினி தாராளமாகப் போதும். பெரிய மென்பொருள்களை நிறுவாமல், எளிய எடிட்டர் ஒன்றில் எழுதி, கட்டளைத் திரையில் கம்பைல் செய்யுங்கள், அதாவது கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள்.

தென்காசி சீனியர்

இன்ஹெரிட்டன்ஸைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். இறுதியாண்டில் ஒரு பால் சங்கத்துக்கான கணக்கு நிரலை எழுதினேன். உறுப்பினர் என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து பசு வைத்திருப்பவர், எருமை வைத்திருப்பவர் என்று இரண்டு. கொழுப்பும் இதர சத்தும் பார்த்து விலை போடும் கணக்கை இரண்டிலும் வேறு வேறாக எழுதினேன். காட்டுவதற்கு எடுத்துப்போன முதல் நாளே, பசுவும் எருமையும் வைத்திருக்கும் ஒருவர் வந்து நின்றார். ஜாவாவில் ஒரு கிளாஸ் ஒரே ஒரு கிளாஸிலிருந்துதான் நேரடியாக வர முடியும். மூன்றாவதாக ஒரு கிளாஸ் எழுதி ஒப்பேற்றப் பார்த்து, மூன்று வாரம் வீணானது.

மாறுவது மனிதர் அல்லர், பால்தான் என்பது பிறகுதான் உறைத்தது. 'விலை சொல்' என்னும் ஒரே மெத்தட் கொண்ட இன்டர்ஃபேஸ் ஒன்றை, அதாவது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் ஒப்பந்தம் ஒன்றை எழுதி, பசும்பாலும் எருமைப்பாலும் அதைத் தம் தம் முறைப்படி நிறைவேற்றுமாறு வைத்து, உறுப்பினரிடம் அவற்றின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தேன். நிரல் பாதியாகச் சுருங்கியது. ஆகையால் ஒன்றிலிருந்து ஒன்றை வரவழைக்கும் முன், இது அது 'ஆகுமா', அல்லது அதனிடம் இது 'இருக்கிறதா' என்று வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். கடையில் பாஸ் புத்தகங்கள் இருக்கின்றன. கடை பாஸ் புத்தகம் ஆகாது.

முக்கூடல் மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாள்களாகத் தமிழ்ப் பெயர்களிலேயே எழுதிப் பார்த்தேன். 'பீடி வாங்கு' மெத்தட்டுக்குக் கழித்தல் குறியோடு ஓர் எண்ணைக் கொடுத்தபோது, தூள் இருப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது. பூச்சியத்தை விடக் குறைவாக இருந்தால் ஏற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன். அப்படி மறுக்கும்போது திரையில் செய்தி எழுதினால் போதுமா?

இன்னொன்று: முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்த அம்மா, "கழிவு எங்கே?" என்று கேட்டார். சரியில்லை என்று கடையில் கழித்துவிடும் பீடிக்கும் தூள் செலவாகியிருக்கிறது, ஆனால் அதற்குக் கூலி கிடையாது. என் நிரலில் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் வைத்திருந்தேன்.

பாளையங்கோட்டை நிரலர்

செய்தி எழுதினால் போதாது. அழைத்த நிரல் அதைக் கவனிக்காமலே அடுத்த வரிக்குப் போய்விடும். 'இல்லீகல் ஆர்கியூமென்ட் எக்செப்ஷன்' என்னும் பிழையை எறியுங்கள், அதாவது தவறான எண் வந்தது என்று அழைத்த நிரலுக்கே பிழையாகத் திருப்பி அனுப்புங்கள். இருப்பில் கை வைப்பதற்கு முன்பே அந்தச் சோதனை முடிந்துவிட வேண்டும்.

அம்மா கேட்டது மிகச் சரி. 'பீடி வாங்கு' மெத்தட் கொண்டுவந்த எண்ணிக்கை, கழிவு என்று இரண்டு எண்களைப் பெறட்டும். தூளை முதல் எண்ணுக்குக் கழியுங்கள். கூலியை வித்தியாசத்துக்குப் போடுங்கள். கழிவு கொண்டுவந்ததை மிஞ்சினால் அதையும் மறுத்துவிடுங்கள். திருத்திய பிறகு அம்மாவின் புத்தகத்தில் சென்ற வாரத்துக் கணக்கை அப்படியே கொடுத்து ஓட்டி, அதில் உள்ள இருப்பு உங்கள் திரையிலும் வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.