சூரியன் ஓரமாகப் போகும் ரேடியோ அலையும் ஒளி அளவுக்கே வளையுமா?

இளநிலை இயற்பியல் மாணவன்:
சூரியனை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வளையும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. 1919 கிரகணத்தில் அதை அளந்தார்கள் என்று படித்தேன். நிறையே இல்லாத ஒளியை ஈர்ப்பு எப்படிப் பிடிக்கிறது? ரேடியோ அலையும் அதே அளவு வளையுமா, அல்லது முப்பட்டகத்தில் நிறம் பிரிவதுபோல் பிரிந்துவிடுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிரியாது தம்பி. கண்ணாடியில் நிறம் பிரிவது அதிலுள்ள எலக்ட்ரான்களின் வேலை. ஈர்ப்பில் வளைந்திருப்பது காலவெளி, அதாவது இடமும் காலமும் சேர்ந்த அமைப்பே. எந்த அலைநீளம் போனாலும் பாதை ஒன்றுதான். நியூட்டன் கணக்கில்கூடத் துகளின் நிறை அடிபட்டுப் போய்விடும். அதில் கிடைப்பது பாதி வளைவு, 0.87 வில்விநாடி. இதைச் சொல்லிக்கொடுக்காமல் "நிறையில்லாத ஒளி" என்று மாணவர்களைக் குழப்புவது எனக்கு எரிச்சல்.

ரேடியோவுக்கு வானமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 8 வாக்கில் 3சி279 என்ற குவேசார் (ரேடியோ அலை வீசும் மிகத் தொலைவான விண்மீன் மண்டலத்தின் மையம்) சூரியனுக்குப் பின்னால் மறைகிறது. சில பாகை தள்ளி 3சி273 என்ற இன்னொரு குவேசார் மறையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலான கோணம் நாளுக்கு நாள் மாறுவதை அளந்தால் போதும், கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 1969 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் வேலி, கோல்ட்ஸ்டோன் ரேடியோ தொலைநோக்கிகளில் அளந்தார்கள்.

ஆன்டெனா பொறியாளர்:
ஐயா, சூரியனைச் சூழ்ந்த வெப்பமான வெளி வளிமண்டலமான கரோனாவை விட்டுவிட்டீர்களே. அதிலுள்ள பிளாஸ்மாவும் (எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் வாயு) ரேடியோ அலையை வளைக்குமே?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
வளைக்கும், அதுவும் எதிர்ப்பக்கமாக! ஈர்ப்பு சூரியனை நோக்கி இழுக்கும், பிளாஸ்மா வெளியே தள்ளும். ஆனால் பிளாஸ்மாவின் குட்டு ஓரிடத்தில் வெளிப்பட்டுவிடும்: அதிர்வெண் மூன்று மடங்கானால் அதன் வளைவு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். 1974, 75-இல் அமெரிக்காவின் க்ரீன் பேங்க் ரேடியோ ஆய்வகத்தில் ஏறத்தாழ 2.7, 8.1 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதிர்வெண்ணோடு மாறிய பங்கைக் கழித்தார்கள். மாறாமல் நின்றது ஈர்ப்பின் பங்கு. விடை 1.761 வில்விநாடி, பிழை வரம்பு 0.016. அந்தக் கழித்தலைத்தான் நான் மிகவும் ரசிப்பேன்.

ஆன்டெனா பொறியாளர்:
சனிக்கோளுக்குப் போன காசினி விண்கலத்திலும் இதே உத்திதான். 2002-இல் அது சூரியனுக்கு அப்பால் இருந்தபோது, வெவ்வேறு அதிர்வெண்களில் சமிக்ஞை அனுப்பிக் கரோனாவைக் கழித்தார்கள். அங்கே பார்த்தது கோணத்தை அல்ல. சூரியன் அருகே கடக்கும் சமிக்ஞைக்கு ஏற்படும் தாமதம் அதிர்வெண்ணை எவ்வளவு நகர்த்துகிறது என்பதை. ஐன்ஸ்டைன் கணக்கோடு லட்சத்தில் சில பங்கு அளவுக்குப் பொருந்தியது.