டிடிஏ7294 ஆம்ப்ளிஃபயருக்கு இரும்புப் பெட்டி போதுமா?

கேள்வி: இரண்டு டிடிஏ7294 (ஆம்ப்ளிஃபயர் ஐசி) போர்டு, ஒரு 24-0-24 வோல்ட் டோராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் தயார். சென்னை ரிச்சி தெருவில் பெயின்ட் அடித்த இரும்பு கேபினெட் மலிவாகக் கிடைக்கிறது. அலுமினியம் என்றால் கையைக் கடிக்கும். எதை வாங்கலாம், அண்ணா?

பதில்: இரும்பே வாங்குங்கள், தம்பி. பின்பக்கத் தகட்டை மட்டும் 2 மி.மீ. அலுமினியத்தில் வெட்டி மாட்டுங்கள். ஆர்சிஏ (ஆடியோ ஒயர் செருகும் சாக்கெட்), ஸ்பீக்கர் டெர்மினல், ஐஇசி சாக்கெட் (மெயின் கரண்ட் ஒயர் செருகுவது) என்று ஓட்டை எல்லாம் அங்கேதான் வரும். ஸ்டெப் டிரில் பிட் அலுமினியத்தில் சுலபமாக இறங்கும். இரும்பில் உயிர் போகும். முன்பக்க அழகெல்லாம் அப்புறம்.

டோராய்டல் நடு போல்ட் அடித்தட்டோடு நிற்கட்டும். மேல் மூடியையும் தொட்டால் பெட்டியே ஒரு சுற்றுக் கம்பியாகி ஷார்ட் ஆகும்; டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும்.

இன்னொருவர்: ஐசியின் முதுகுத் தகட்டில் மைனஸ் சப்ளை இருக்கும். கரண்ட் கடத்தாத மைக்கா ஷீட்டும், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் ஹீட் சிங்கில் (சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) முடுக்காதீர்கள். முடுக்கியதும் தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு) பாருங்கள், இருக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்: சரி, எர்த் ஒயரை ஹீட் சிங்க் ஸ்க்ரூவிலேயே சேர்த்து மாட்டலாமா?

பதில்: கூடாது. அதற்கென்று தனி போல்ட் வேண்டும், ஐஇசி சாக்கெட்டுக்குப் பக்கத்தில். அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிந்த பிறகு, பல் வைத்த வாஷரோடு முடுக்குங்கள். அலுமினியத் தகடு அனோடைஸ் செய்தது என்றால் அதையும் சுரண்ட வேண்டும், அந்தப் பூச்சில் கரண்ட் பாயாது. மூடிக்கும் ஒரு எர்த் ஒயர் தனியாகக் கொடுங்கள்.