பூட்டனார் பத்திரத்தில் 'கொல்லம் சூருயரு': இது எங்கள் பூர்வீக ஊரா, வீட்டுப் பெயரா?

கேள்வி (அம்பாசமுத்திரம் வட்டம்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூட்டனார் நிலம் வாங்கிய கிரயப் பத்திரம் ஒன்று ஆச்சியின் டிரங்குப் பெட்டியிலிருந்து கிடைத்தது. முதல் வரி 'கொல்லம் சூருயரு' என்று தொடங்குகிறது. அதை வைத்து, நாங்கள் கொல்லத்திலிருந்து வந்தவர்கள் என்றும், 'சூருயரு' அங்கிருந்த வீட்டின் பெயர் என்றும் என் பெரியப்பா முடிவு செய்துவிட்டார். பேரனின் பெயருக்கு முன்னால் 'கொல்லம்' என்று சேர்க்கவும் ஏற்பாடு நடக்கிறது. ஆனால் ஊரில் எங்களை 'கணக்கு வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்?

மறுமொழி (தென்காசி):

தம்பி, பெயர் சேர்ப்பதைச் சற்று நிறுத்தி வையுங்கள். அது ஊரும் அன்று, வீடும் அன்று, ஆண்டு. பழைய தமிழ் எண்களில் ௲ என்பது ஆயிரம், ௫ ஐந்து, ௰ பத்து. பழக்கமில்லாத கண்ணுக்கு அவை 'சூ', 'ரு', 'ய' என்றே தெரியும். ௲௫௰௫ என்றால் 1055. கொல்லம் ஆண்டு என்பது மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கு; அது திருவிதாங்கூரோடு 1956 வரை இருந்த செங்கோட்டைப் பக்கத்தில் மட்டும் வழங்கியதென்று எண்ண வேண்டாம். நெல்லைச் சீமையின் கோயில் கல்வெட்டுகளிலும் அதைக் காணலாம். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824-ஐயும், அதற்குப் பின் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். அடுத்து என்ன எழுதியிருக்கிறது?

கேட்டவர்:

'பிரமாதி ௵ தை ௴ ௰௨ ௳' என்று இருக்கிறது, அண்ணாச்சி.

மறுமொழி (தென்காசி):

௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. அப்படியானால் தை 12, 1880 ஜனவரி. பிரமாதி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் அதை மட்டும் வைத்தால் 1820-ஆ 1880-ஆ என்ற குழப்பம் தீராது; கொல்லம் 1055 அதைத் தீர்த்துவிடுகிறது. தாது வருடப் பஞ்சம் தொடங்கிய 1876-க்கு மூன்றாவது வருடம் பிரமாதி என்பதும் ஒத்துப்போகிறது.

மறுமொழி (பாளையங்கோட்டை):

பத்திர எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வாங்குபவர் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரும், பெரும்பாலும் அவர் பார்த்த வேலையும் இருக்கும். அந்த இடத்தை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பின்பக்கத்தில் பதிவு எண் இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலப் பத்திரங்களைப் பதியும் ஒன்றாம் புத்தகத்தில் நகல் இருக்க வேண்டும். அங்கே பெயர் அட்டவணையைத் தேடச் சொல்லி மனுக் கொடுத்தால், அவர் வாங்கிய, விற்ற மற்ற நிலங்களும் வெளிப்படக்கூடும்.

கேட்டவர்:

பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். 'மேற்படியூர் கணக்கு' என்று தொடங்கி, நாங்கள் இதுவரை அறியாத ஒருவரின் பெயரும், 'குமாரர்' என்ற சொல்லும், அதன் பிறகு பூட்டனார் பெயரும் வருகின்றன. பின்பக்கத்தில் எண்ணும் இருக்கிறது.

மறுமொழி (பாளையங்கோட்டை):

'கணக்கு' என்பது பிற்காலத்தில் கர்ணம் என்று சொன்ன அதே ஊர்க் கணக்கர் வேலை. அக்காலத்தில் பெரும்பாலும் தகப்பனுக்குப் பின் மகன் என்று வந்த பதவி; 1980-இல் அரசு அதை ஒழித்தது. 'மேற்படியூர்' என்பதால் அவர் பத்திரத்தில் சொன்ன ஊருக்கே கணக்கர். உங்கள் வீட்டுப் பெயர் அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. அந்த ஊரின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:

பெரியப்பாவுக்கு எண்களை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, பூட்டனாரின் தகப்பனார் பெயரை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். திங்கட்கிழமை மனுக் கொடுக்க அவரும் உடன் வருகிறார்.