ரெண்டும் 40 மி.மீ. வாட்ச்தான், ஒண்ணு மட்டும் ஏன் கையை விட்டு வெளியே நிக்குது?

மணிக்கட்டு16:
என் மணிக்கட்டுச் சுற்றளவு 16 செ.மீ. தினமும் கட்டுறது 40 மி.மீ. வாட்ச், லெதர் ஸ்ட்ராப். கச்சிதமா இருக்கு. இப்போ வாங்க நினைக்கிறதும் அதே 40தான். ஆனா கட்டிப் பார்த்தா ரெண்டு ஓரமும் தூக்கிட்டு நிக்குது, அடியில விரல் நுழையுது. 38 எடுத்தா சரியாயிடுமா?

டிக்டிக்:
விட்டத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க நண்பரே. ஸ்ட்ராப் மாட்டுற காது இருக்குல்ல, மேல் காது நுனியிலிருந்து கீழ்க் காது நுனி வரை அளங்க. லக் டு லக்னு சொல்றது அதைத்தான். அப்புறம் உள்ளங்கையைக் கவிழ்த்து, மணிக்கட்டு மேல ஸ்கேலைக் குறுக்கா வெச்சு, தட்டையா இருக்கிற பகுதி எவ்வளவுனு பாருங்க. சுற்றளவு 16ஆவே இருந்தாலும் சிலருக்குக் கை உருண்டையா இருக்கும், சிலருக்குப் பட்டையா இருக்கும். சீக்கோ எஸ்கேஎக்ஸ்007னு ஒரு வாட்ச், விட்டம் 42.5 மி.மீ., ஆனா லக் டு லக் 46 பக்கம்தான். அதனாலதான் அது சின்னக் கையிலயும் உட்காருது.

மணிக்கட்டு16:
அளந்துட்டேன். தட்டைப் பகுதி 52 மி.மீ. லக் டு லக் பழைய வாட்ச் 47. புதுசு 45தான் வருது! அப்போ புதுசுதான இன்னும் நல்லா உட்காரணும்?

செகண்ட்முள்:
புதுசுல ஸ்டீல் செயின் கேஸோடவே, அதாவது வாட்ச் உடம்போடவே, ஒட்டினாப்ல வருதா?

மணிக்கட்டு16:
ஆமாங்க. தனியா காதுன்னு ஒண்ணும் இல்ல.

செகண்ட்முள்:
சிக்கல் அங்கதான். அந்த மாதிரி டிசைன்ல பல மாடல்கள்ல முதல் கண்ணி மடங்காம நேரா நீட்டிட்டு நிக்கும். கேஸோட நுனியை விடுங்க. செயின் எங்க கீழே இறங்க ஆரம்பிக்குதோ, அங்கிருந்து எதிர்ப்பக்கம் அதே இடம் வரைக்கும் அளங்க.

மணிக்கட்டு16:
54!! கணக்கு இடிச்சது இங்கதானா...

டிக்டிக்:
52 கைக்கு 54 நிக்கத்தான் செய்யும். செகண்ட்முள் கரெக்டா பிடிச்சுட்டார். 38னு போட்டிருக்கிறதாலேயே சரியாயிடாது, இந்த நீளம் 49-க்குள்ள வருதான்னு பாருங்க. செயின் டிசைன்தான் வேணும்னா சின்ன சைஸும் வர்ற மாடலாப் பாருங்க. டிஸ்ஸாட் பிஆர்எக்ஸ் 40, 35 ரெண்டுலயும் வருது. ஆன்லைன்ல எடுக்கிறதா இருந்தா, அந்த நீளத்துக்கு ஒரு அட்டையை வெட்டிக் கை மேல வெச்சுப் பார்த்துட்டு ஆர்டர் போடுங்க.

லெதர்ஸ்ட்ராப்:
போன்ல போட்டோ எடுத்துப் பார்த்து பயந்துடாதீங்க. கிட்டப் போய் எடுத்தா 36கூட 42 மாதிரி தெரியும். ஆளுயரக் கண்ணாடி முன்னாடி கையைத் தொங்கவிட்டுப் பாருங்க, மத்தவங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். வெள்ளை டயலும் மெல்லிய விளிம்பும் இருந்தா கொஞ்சம் பெருசாத்தான் தோணும்.

மணிக்கட்டு16:
35 கட்டிப் பார்க்கிறேன். செயினை எவ்வளவு இறுக்கமா வைக்கணும்?

செகண்ட்முள்:
சுண்டுவிரல் நுனி நுழையணும், வாட்ச் கையைச் சுத்திப் புரளக் கூடாது. வெயில்ல கை லேசா உப்பும், அதனால காலையில அளந்து கண்ணி கழட்டினா மதியம் பிடிக்கும். பக்கிள்ல நகர்த்துற துளை இருந்தா, கண்ணி எடுக்கும்போது அதை நடுவுல வெக்கச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் நீங்களே நகர்த்திக்கலாம்.