எல்.கே.ஜி. பிள்ளைக்கு நாலு கோடு நோட்டு எதற்கு?

அல்சூர் அப்பா
நேற்று ராத்திரி என் பையன் நாலு கோடு நோட்டின் மேலேயே தூங்கிவிட்டான். மூன்றரை வயது. ஒரு பக்கம் முழுக்கச் சின்ன 'பி' எழுத வேண்டுமாம். பாதி எழுத்துக்கு வயிறு இந்தப் பக்கம் திரும்பி 'டி' ஆகிவிட்டது. மிஸ் சிவப்பு மையில் சுழித்துவிடுவாரே என்று என் மனைவி அழித்து அழித்து எழுத வைத்ததில் தாளே கிழிந்துபோயிற்று.

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் என்று, சின்னப் பிள்ளைகளுக்கு எதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்கிற வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நம்ம பெங்களூர் இஸ்ரோவின் தலைவராக இருந்து 2025இல் மறைந்த கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு தயாரித்தது. மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை, அதாவது மூன்று வருடம் பாலர் வகுப்பு, அப்புறம் ஒன்று, இரண்டாம் வகுப்பு, எல்லாம் ஒரே நிலை. ஆறு வயது வரை பாடநூல் வேண்டாம். கதை, பாட்டு, பொம்மை, விளையாட்டு போதும். பரீட்சை கூடாது, ஆசிரியர் பிள்ளையைக் கவனித்துக் குறித்துக்கொண்டால் போதும். வீட்டு மொழியில் சொல்லிக்கொடுங்கள் என்கிறது.

பள்ளியில் கேட்டேன். "அதெல்லாம் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கு சார்" என்றார்கள். இதை எல்லாப் பள்ளிக்கும் கட்டாயமாக்கினால் என்ன?

ஸ்ரீராமபுரம் ரெண்டு பிள்ளைக்காரி
நல்லா இருக்கு சார், படிக்க. என் பெரியவளை அப்படித்தான் விளையாட்டுப் பள்ளியில் போட்டேன். களிமண், மணல், பாட்டு. குழந்தை சந்தோஷமாத்தான் இருந்தாள். ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குக் கூட்டிப்போனேன். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டு, நூறு வரைக்கும் எழுது என்றார்கள். முப்பதோடு நின்றுவிட்டாள். சீட் இல்லை.

சின்னவனுக்கு நானே தேடிப்போய் நாலு கோடு நோட்டு போடுகிற பள்ளியாகப் பார்த்துச் சேர்த்தேன். நான் பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலை. சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. பள்ளி எழுத வைக்காவிட்டால் வேறு யார் எழுத வைப்பது?

அல்சூர் அப்பா
அக்கா, அவர்கள் செய்தது சட்டப்படி குற்றம். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்கிறது. முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைக்கு 50,000 வரை.

ஸ்ரீராமபுரம் ரெண்டு பிள்ளைக்காரி
அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். சீட் எனக்கு வருமா?

எச்.ஏ.எல். தாத்தா
பேரன் வயதுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். எங்களை விஜயதசமியன்று மடியில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தார்கள். அப்புறம் திண்ணையில் மணல். யாரும் கெட்டுப்போகவில்லை. எழுதினால் பிள்ளைக்கு ஆகாது என்பது இப்போது வந்த பேச்சு.

இன்னொன்று, அந்த ஆவணத்தில், மனிதனுக்கு ஐந்து உறைகள் என்கிற பஞ்சகோசம் எல்லாம் வருகிறது. அன்னமய கோசத்தில் ஆரம்பித்து ஆனந்தமய கோசம் வரை. மூன்று வயதுப் பிள்ளைக்கு மூக்குச் சிந்தத் தெரிந்தால் போதாதா? டெல்லியிலிருந்து வருவதை எல்லாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை.

அல்சூர் அப்பா
தாத்தா, நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள்! நெல்லில் விரல், மணலில் விரல். பென்சில் இல்லை, கோடு இல்லை, சிவப்பு மை இல்லை. இந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுசாக இறுகியிருக்காது. மாவு பிசையட்டும், மணி கோர்க்கட்டும், கை தானாகப் பழகும் என்பதுதான் அதில் இருப்பதும். கோசம் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கே.ஆர்.புரம் மருமகள்
வீட்டு மொழி என்றீர்களே, அதைக் கொஞ்சம் விளக்குங்கள். எங்கள் வீட்டில் நான் தமிழ், மாமியாரும் கணவரும் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, வேன் டிரைவர் உருது. என் மகள் "அம்மா, நீரு பேக்கு, தண்ணி குடு" என்று ஒரே மூச்சில் கேட்கிறாள். இவளுக்கு எந்த மொழியில் கதை சொல்வார்கள்?

பழைய கதையும் ஒன்று இருக்கிறது. நாலாம் வகுப்பு வரை தாய்மொழி அல்லது கன்னடத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று கர்நாடகம் 1994இல் ஆணை போட்டது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்குத்தான் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெற்றோர் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா?

போதாததற்கு, இந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான ஒன்றிய அரசின் புதிய கல்விக் கொள்கையே வேண்டாம் என்று கர்நாடக அரசு பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் தலைமையில் தனியாக ஆணையம் அமைத்தது. அதுவும் 2025 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் ஐந்தாம் வகுப்பு வரை கன்னடம் அல்லது தாய்மொழி என்றுதான் சொல்லியிருக்கிறது. டெல்லியும் பெங்களூரும் ஒத்துப்போகிற ஒரே இடம் இது, அதிலும் காரியம் நடக்காது.

அல்சூர் அப்பா
கட்டாயம் என்று நான் சொன்னதிலும் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுக்குத்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அரசு "ஏற்பாடு செய்யலாம்" என்கிறது 11ஆம் பிரிவு. செய்யலாம், அவ்வளவுதான். எல்.கே.ஜி.யைக் கேட்பார் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மர்ஃபி டவுன் டீச்சர்
பத்தொன்பது வருடமாக அங்கன்வாடி நடத்துகிறேன். நான் பேசலாமா?

பாடநூல் இல்லை, பரீட்சை இல்லை, பாட்டு, பொம்மை, கவனித்துக் குறித்துக்கொள்வது. இதை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறீர்கள். அங்கன்வாடித் திட்டம் வந்தது 1975இல். எங்களுக்கு 'சிலிப்பிலி' என்று செயல்பாட்டுப் புத்தகமே இருக்கிறது. பயிற்சியும் எடுத்திருக்கிறோம். என் மையத்தில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ்தான். நான் கன்னடத்தில் பாட்டு ஆரம்பிப்பேன், அதுகள் தமிழில் முடிக்கும். இதற்கு யாரும் எங்களுக்குச் சட்டகம் தரவில்லை.

ஆனால் காலையில் எடை பார்க்கணும், உயரம் அளக்கணும், அதை போனில் ஏற்றணும். போட்டோ ஏறாது. அதற்குள் கர்ப்பிணி வந்து நிற்பாள். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலை. இதற்கு நடுவில் மண்ணும் மணியும் எங்கே? முட்டை உரித்துக் கொடுத்து முடிக்கிறதுக்குள் நேரம் போய்விடும். அப்படியும் தினம் ஒரு கதை சொல்லாமல் விடமாட்டேன்.

மூன்றரை வயதாகும்போது அம்மாக்கள் வந்து, "டீச்சர், டை கட்டி அனுப்புகிற ஸ்கூலில் சேர்க்கிறோம்" என்று கூட்டிப்போய்விடுகிறார்கள். நீங்கள் எல்லோரும் கேட்கிற பள்ளி எங்கள் தெருவில் சும்மாதான் நடக்குது.

எச்.ஏ.எல். தாத்தா
இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே அம்மா.

கே.ஆர்.புரம் மருமகள்
டீச்சர் சொல்வது சரி. அரசாங்கமும் உறுதியாக நிற்பதில்லை. ஜூன் 1க்குள் ஆறு வயது நிரம்பினால்தான் ஒன்றாம் வகுப்பு என்றார்கள். பெற்றோர் சத்தம் போட்டதும் 2025-26க்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் போதும் என்று இறங்கிவந்தார்கள். அந்த ஏழு மாதத்துக்காகச் சண்டை போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஒரு வருடப் ஃபீஸ் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். பொய் சொல்லக் கூடாது பாருங்கள்.

அல்சூர் அப்பா
டீச்சர், உங்கள் மையத்தை வந்து பார்க்கலாமா? பையனையும் கூட்டிவருகிறேன்.

மர்ஃபி டவுன் டீச்சர்
புதன்கிழமை பத்தரைக்கு வாங்க தம்பி. நோட்டு எடுத்துவர வேண்டாம்.

ஸ்ரீராமபுரம் ரெண்டு பிள்ளைக்காரி
நானும் வரணும்னு இருக்கு டீச்சர். ஆனால் எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சின்னவனை உங்களிடம் விட்டாலும், எனக்கு ஷிஃப்ட் முடிய அஞ்சரை ஆகும்.

மர்ஃபி டவுன் டீச்சர்
ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்மா. மத்த நாளும் நாலு மணிக்குப் பூட்டிடணும், அதுதான் ரூல். நாலிலிருந்து அஞ்சரை வரை அவனைப் பார்த்துக்க உங்க பக்கத்தில் யாராவது இருக்காங்களா?